வகுப்பில் இல்லாத முதல் மாணவி

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் சென்ற மாதம் போன் செய்தார். தொடக்கப் பள்ளிகளுக்கு வரும் கல்வி மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. பதினான்கு ஆண்டுகள் அது என் வேலையாக இருந்தது.

“மேடம், இப்ப வர்ற சாஃப்ட்வேர் எல்லாம் ரிப்போர்ட்டை அதுவே எழுதிடுது. எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் படிச்சுது, எங்க தடுமாறுச்சு, எல்லாம் கலர் கலரா வந்துடுது. நாங்க ஸ்கூலுக்குப் போய் என்னதான் பார்க்கணும்? புதுசா சேர்ந்தவங்களுக்கு வந்து அரை மணி நேரம் பேசுங்களேன்.”

மேடையில் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் போர்ட் பிளேயரில் பிறந்தவள். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். எங்கள் பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, கெட்டுவிடுமோ என்று பயந்து அதை உறையோடு பூட்டி வைத்திருந்தார்கள். உறையைக் கழற்றியவள் நான். அந்தத் துணிச்சலைத் தகுதியாக எடுத்துக்கொண்டு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் வேலையில் கற்றது.

பாதியைப் பிள்ளைகளிடம் கற்றேன், பாதியை பிஸ்வாஸ் சாரிடம்.

பிள்ளைகளிடம் கற்றதற்கு ஒன்று சொல்கிறேன். கூட்டல் கழித்தல் கற்றுத்தரும் ஒரு மென்பொருளை சிப்பிகாட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சோதனைக்கு வைத்திருந்தோம். விடை சரியென்றால் கைதட்டும் சத்தம் வரும். தவறென்றால் ஒரு தவளை கால் வழுக்கிக் குளத்தில் விழும். இரண்டு வாரம் கழித்து வந்த மதிப்பெண்களைப் பார்த்தால் அந்தப் பள்ளியில் யாருக்கும் மூன்றும் இரண்டும் எத்தனை என்று தெரியாது. நேரில் போய்ப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு பெண் குழந்தை “அஞ்சு” என்று வாயால் சொல்லிவிட்டு விரலால் எட்டைத் தொட்டது. தவளை விழுந்தது. வகுப்பே சிரித்தது. அடுத்த குழந்தையும் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு, தவறான விடை எது என்று நிச்சயப்படுத்திய பிறகே தொட்டது. அன்றிலிருந்து திரையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

பிஸ்வாஸ் சார் உதவி இயக்குநர். வங்காளிக் குடியேற்றக் குடும்பம், தீவிலேயே பிறந்தவர். எங்கள் பேச்சும் என் அறிக்கைகளும் இந்தியில்தான் இருக்கும். இங்கே அவற்றைத் தமிழில் எழுதுகிறேன். அறிக்கையை அவர் உட்கார்ந்து படிக்கமாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, கையில் சிவப்புப் பென்சிலோடு படிப்பார். ‘மிக’, ‘சிறந்த’, ‘ஆர்வத்துடன்’ போன்ற சொற்கள் கண்ணில் பட்டவுடன் அடித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு வரியிலும் பென்சிலை வைத்து ஒரே கேள்வி கேட்பார்.

“தேக்கா யா சுனா?”

பார்த்ததா, கேட்டதா? பார்த்ததென்றால் ஓரத்தில் ஒரு கோடு. கேட்டதென்றால் இரண்டு கோடு. இரண்டும் இல்லையென்றால் அந்த வரி போய்விடும். முதல் ஆண்டு என் அறிக்கைகள் பாதியாகத்தான் வெளியே வந்தன. அவர் அடிப்பார், சேர்க்கமாட்டார். அவர் கையால் ஒரு சொல்கூட யார் அறிக்கையிலும் ஏறியதில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

சோதிக்கும் முறையை நாங்கள் இருவரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அமைத்தோம். முதல் நாள், இருப்பதிலேயே பழைய கருவியில் மென்பொருளை ஏற்றி நான் மட்டும் உட்கார்ந்து பார்ப்பேன். பாடம் பாதியில் ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிப்பேன். திரும்பிப் போட்டால் பிள்ளை விட்ட இடத்திலேயே தொடங்குகிறதா, முதலிலிருந்து வரச் சொல்கிறதா? நம் ஊரில் இந்த ஒரு சோதனையிலேயே பாதி மென்பொருள்கள் விழுந்துவிடும். இரண்டாம் நாள், கம்ப்யூட்டரே பிடிக்காத ஓர் ஆசிரியரிடம் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள். பல மாதங்கள் ஓடவிட்டு, கடைசியில் மென்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பத்தியைத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து வாசிக்கச் சொல்வேன்.

இனி, வடக்கே நடு அந்தமானில் ரங்கத் பக்கத்துப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன்.

தமிழ் வாசிக்கக் கற்றுத்தரும் மென்பொருள் ஒன்று வந்தது. எழுத்து, ஓசை, சொல், வாக்கியம், பத்தி என்று படிப்படியாகப் போகும். இணையம் தேவையில்லை. பள்ளிக்கு ஒரு சிறிய பெட்டி தருவார்கள், பிள்ளைகளின் டேப்லெட்கள் அதோடு இணைந்துகொள்ளும். மாதம் ஒருமுறை பெட்டியில் சேர்ந்த பதிவுகளை பென்டிரைவில் எடுத்து, போர்ட் பிளேயர் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பிள்ளைக்குப் பரிசாக ஒரு கிளி வரும். அதற்குத் தொப்பி, சட்டை, செருப்பு என்று மாட்டலாம். பாடத்தைவிடக் கிளிக்கு உடை மாட்டத்தான் பிள்ளைகள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் சில தமிழ்வழிப் பள்ளிகளில் அதை வைத்தோம். ஜூலையில் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு பெயர் தனியாக நின்றது. நிவேதா, மூன்றாம் வகுப்பு, ரங்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பள்ளி. எல்லாப் பள்ளிகளிலும் சேர்த்துக் கடைசிப் படி வரை முடித்த ஒரே பிள்ளை. மற்றவர்கள் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

அந்தப் பதிவில் இரண்டு விநோதங்கள் இருந்தன. நிவேதா ஜனவரியில் திடீரென்று முதல் பாடத்துக்குத் திரும்பி ‘அ’விலிருந்து மறுபடி தொடங்கியிருந்தாள். அதுவரை தினமும் உடை மாறிக்கொண்டிருந்த அவளுடைய கிளி, அதற்குப் பிறகு ஒரே தொப்பியோடு நின்றது. கண்டிப்பான பிள்ளை, திருப்பிப் படிக்கிறாள், விளையாட்டை விட்டுவிட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

மென்பொருள் நிறுவனத்தின் பிரதிநிதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நிவேதாவின் படத்தை அட்டையில் போட வேண்டும் என்றார். மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிற விழாவில் அவளை மேடையேற்றி வாசிக்க வைக்கலாம் என்று மேலிடத்திலும் பேச்சு வந்தது.

பிஸ்வாஸ் சார் என்னைக் கூப்பிட்டார். “முதல்ல நீங்க போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துட்டு வாங்க. மேடை அப்புறம்.”

விடியற்காலை பஸ், காட்டுக்குள் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாய், இரண்டு இடத்தில் படகு. மழை விடவேயில்லை. அன்று ரங்கத்தில் தங்கி மறுநாள் காலை பள்ளிக்குப் போனேன். இரண்டு ஆசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். செல்வராணி என்ற ஆசிரியை இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் பிள்ளைகளைப் பார்த்து, “நிவேதா யாரு?” என்றேன்.

“நிவேதாவா? அவ மெயின்லேண்ட் போய்ட்டா மேடம்” என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

“பொங்கலுக்கே போய்ட்டா. அவங்கப்பா கடையை மூடிட்டாங்க” என்றாள் இன்னொருத்தி.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த செல்வராணியின் கை நின்றது. மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் குடும்பம் கிளம்பிவிட்டதால் நிவேதாவின் பெயர் பதிவேட்டிலும் பெட்டியிலும் அப்படியே இருந்திருக்கிறது. செல்வராணி என் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: “மேடம், பிள்ளைங்க போனப்புறம் பேசலாமா? ப்ளீஸ்.”

சரி என்று பின்வரிசையில் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் அவர் பாடம் நடத்துவதைப் பார்த்தேன்.

நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். நல்ல வாசிப்பு வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். இவர் செய்தது எனக்குப் புதிது. ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டே வரும்போது, அது தடுமாறுவதற்கு முன்பே இவருடைய விரல் அந்த எழுத்தின் மேல் போய் நிற்கும். “இங்க மெதுவா வா. இங்கதான் எல்லாரும் விழுவாங்க” என்பார். ‘ற’வுக்கு ஒருமுறை, ‘ண’வுக்கு ஒருமுறை, ‘கொ’வின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் முழித்த பிள்ளைக்கு ஒருமுறை. பிள்ளையும் நின்று, பார்த்து, விழாமல் தாண்டிப் போகும். விழுகிற இடங்கள் அவருக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன என்று யோசித்தேன்.

மதியம் என் தாளைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொன்னேன். போர்ட் பிளேயர் பிள்ளைகளைவிட நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் இங்கே இருந்த ஆறு டேப்லெட்களில் இரண்டுக்கு சார்ஜர் இல்லை. பெட்டியின் பதிவுப்படி இந்தப் பிள்ளைகள் மென்பொருளைத் தொட்டதே குறைவு.

மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டது. மழையில் பிள்ளைகள் ஓடிய பிறகு செல்வராணி ஒரு டேப்லெட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

“நான்தான் மேடம் நிவேதா.”

“நீங்களா? எப்படி?” என்றேன்.

“எங்க வீடு திக்லிபூர். அப்பா ரோடு வேலைக்கு வந்தவர். நான் படிச்சது பூரா ஹிந்தி மீடியம் மேடம். தமிழ் வீட்ல பேசுறதோட சரி, எழுத்து தெரியாது. போஸ்டிங் போடும்போது செல்வராணின்னு பேரைப் பார்த்து தமிழ் மீடியத்துல போட்டுட்டாங்க. நானும் வாயைத் திறக்கல. பக்கா நௌக்ரி, நிரந்தர வேலை. விட்டா கிடைக்குமா?”

“அப்புறம் எப்படிப் பாடம் நடத்தினீங்க?”

“நல்லா படிக்கிற பிள்ளையை எழுப்பி சத்தமா படிக்கச் சொல்லுவேன். மத்த பிள்ளைங்க பின்னாடியே சொல்லுவாங்க. நானும் சேர்ந்து சொல்லுவேன். போர்டுல எழுதணும்னா புக்கைப் பார்த்துப் படம் வரையிற மாதிரி வரைஞ்சிடுவேன். அப்படிப் படிக்கிற பிள்ளை நிவேதா. அவ ஒருத்திதான் மேடம் கிளாஸ்ல சரளமா படிப்பா. ரெண்டு வருஷம் அவதான் பாடம் நடத்தினான்னு வச்சுக்கோங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தேன். அவ இல்ல. புக்கைத் திறந்து வச்சுட்டு நிக்கிறேன், எல்லாப் பிள்ளையும் என் வாயைப் பார்க்குது. அன்னைக்கு சாயங்காலம் அவ பேரை அமுக்கி, முதல் பாடத்துல உட்கார்ந்தேன்.”

எனக்கு முன்னால் வாசித்துக் காட்டச் சொன்னேன். கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது. அவர் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால்கள் இடிக்க உட்கார்ந்து, கடைசிப் படியின் பத்தியைத் திறந்தார். கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பத்தி. விரல் வைத்துத்தான் வாசித்தார். வேகம் குறைவு. ‘ழ’ வந்த இடங்களில் மூச்செடுத்துக்கொண்டார். ஒரு பிழையும் இல்லை. பாடம் முடிந்ததும் கிளி வந்து நின்றது. அதை அப்படியே மூடினார்.

“கிளிக்கு எதுவும் மாட்டமாட்டீங்களா?”

“அது பிள்ளைங்களுக்கு மேடம். எனக்கு எதுக்கு?” என்றவர், டேப்லெட்டைத் துணியால் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டார்: “ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?”

“பார்த்ததை எழுதணும்.”

“எழுதுங்க” என்றார். “ஆனா பிள்ளைங்க மார்க்கையும் எழுதுங்க மேடம். அது நெஜமா அவங்களோடது.”

திரும்பி வரும் பஸ்ஸில் சுலபமான வழி ஒன்று என் கையிலேயே இருந்தது. ‘நிவேதா பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள், அவள் கணக்கு நீக்கப்பட்டது’ என்று எழுதலாம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. செல்வராணிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படி எழுதினால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக வாசித்ததற்கான பெருமை முழுவதும் மென்பொருளுக்குப் போகும். டேப்லெட்டைக் கையில் கொடுத்தால் போதும், பிள்ளை தானே படித்துவிடும் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் சொல்லப்படும். வாசிக்கக் கற்றது ஆசிரியை. பிள்ளைகள் அவரிடம் கற்றார்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் அறிக்கை முழுவதும் தவறு. இதை இப்போது தெளிவாக எழுதிவிட்டேன். அன்று பாதி வழியில் பாராடாங் தீவு வரும்வரை எனக்குத் தெளிவில்லை. ஒரு பெண்ணின் வேலை என் பேனாவில் இருக்கிறது என்ற எண்ணம் வந்து வந்து போயிற்று.

எழுதினேன். பிஸ்வாஸ் சார் ஜன்னலோரம் நின்று படித்தார். வழக்கம்போல ஓரத்தில் கோடுகள் விழுந்தன. ஓரிடம் வந்ததும் பென்சில் நின்றது. என் பதினான்கு ஆண்டுகளில் அன்று ஒருநாள்தான் அவர் அறிக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

“தேக்கா?”

“அவங்க படிச்சதைப் பார்த்தேன் சார். மத்தது கேட்டது.”

“இந்த வரி இருந்தா அந்தப் பொண்ணுக்கு மெமோ போகும். இல்லாட்டி ரிப்போர்ட் பொய். ஆப் போலியே, நீங்களே சொல்லுங்க.”

“இருக்கட்டும் சார்.”

அவர் அதை அடிக்கவில்லை. பரிந்துரைகளின் கீழே தம் கையால் ஒரு வரி எழுதினார்: ஆசிரியர்கள் பயில்வதற்கும் இம்மென்பொருளில் தனிக் கணக்குகள் வேண்டும், அவற்றில் பெயர் கேட்கக் கூடாது.

பிரதிநிதி நேரில் வந்து முறையிட்டார். “டீச்சர் படிச்சாங்கன்னு எழுதினா எங்க ப்ராடக்ட் அடிபட்டுடும் மேடம். இது பிள்ளைங்களுக்கானது.” ‘அ’ தெரியாத ஒருவர் யார் உதவியும் இல்லாமல் ஆறே மாதத்தில் பத்தி வாசிக்கிறார், உங்கள் மென்பொருளுக்கு இதைவிட நல்ல சான்று எதுவும் இல்லை என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. விழா மேடையில் வாசிப்புக்குப் பதிலாக நடனம் வைத்தார்கள்.

சொன்னபடியே மெமோ போனது. அரசுக் கருவியை மாணவியின் பெயரில் பயன்படுத்தியது ஏன் என்று நிர்வாகப் பிரிவு விளக்கம் கேட்டிருந்தது. பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதுபவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அல்லது இந்தியில். செல்வராணிக்கு இந்தி நன்றாகவே வரும். ஆனால் அவருடைய பதில் தமிழில் இருந்தது. கோடு போட்ட தாளில், பெரிய எழுத்துகளில், ஒன்றரைப் பக்கம். நிர்வாகப் பிரிவில் யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. கருத்துக் கேட்டு பிஸ்வாஸ் சாரிடம் அனுப்பினார்கள். அவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

செல்வராணியை மாட்டிவிட்ட வரியை எழுதியவளும் நான்தான். ஒன்றரைப் பக்கத்துக்கு எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. அதன் கடைசிப் பகுதி இது:

‘வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது தமிழ் என்ற வரியில் மூன்று கட்டங்கள் இருந்தன. பேச, படிக்க, எழுத. நான் மூன்றிலும் டிக் போட்டேன். அன்று முதல் கட்டம் மட்டும்தான் உண்மை. ஜனவரி முதல் ஜூலை வரை பள்ளி விட்ட பிறகு படித்தேன். பள்ளி நேரத்தில் ஒரு நாளும் படிக்கவில்லை. இந்தக் கடிதத்தை நானே எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது மூன்று கட்டமும் உண்மை. ஆகையால் என் பணிப் பதிவேட்டில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை.’

தவறான டிக்கைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. என்னிடம்கூடப் பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்லியிருந்தார். கேட்காத குற்றத்தையும் அவரே எழுதியிருந்தார். இரண்டு இடங்களில் ‘ர’வும் ‘ற’வும் மாறியிருந்தன. மொழிபெயர்ப்பில் அதைக் காட்ட வழியில்லை, நானும் தேடவில்லை.

பிஸ்வாஸ் சார் என் மொழிபெயர்ப்பை நின்றுகொண்டே படித்து முடித்தார்.

“இந்தக் கடைசி வரி அவங்க எழுதினதா, நீங்க எழுதினதா?”

“அவங்க எழுதினது சார்.”

“மூலத்தைக் கொடுங்க.” கோடு போட்ட தாளை வாங்கிக்கொண்டார். “எது அந்த வரி?”

விரல் வைத்துக் காட்டினேன். அவர் அந்த வரியை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

“எத்தனை வருஷம் எழுத்தே தெரியாம தமிழ் ஸ்கூல் ஃபைல்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

கோப்பில் ‘விளக்கம் ஏற்கத்தக்கது, மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலே இருந்தவர்களும் அதற்குமேல் கிளறவில்லை. செல்வராணி அதே பள்ளியில், அதே வகுப்புகளில் தொடர்ந்தார். அவரைப் பாராட்டவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை.

மென்பொருளை வாங்கினார்கள். பிஸ்வாஸ் சார் எழுதிய வரியின்படி, அடுத்த கல்வியாண்டில் பெட்டிகள் வந்தபோது பெயர் கேட்காத ஆசிரியர் கணக்குகளும் அவற்றில் இருந்தன. முதல் மாதம் யாரும் அவற்றைத் தொடவில்லை. இரண்டாம் மாதம் ஒவ்வொரு தீவிலிருந்தும் பென்டிரைவ்கள் வந்து சேர்ந்தன. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு பள்ளியில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, வேறொன்றில் ஒன்று என்று பெயரில்லாத கணக்குகள் திறந்திருந்தன. பல கணக்குகள் ‘அ’விலிருந்து தொடங்கியிருந்தன.

அவை யாருடையவை என்று கண்டுபிடிப்பது எனக்குக் கடினமல்ல. பள்ளிக்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள்தான். எந்தப் பள்ளியில் எத்தனை கணக்கு என்ற பட்டியலை பிஸ்வாஸ் சாரிடம் நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு யாருடையவை என்று கேட்காமல் திருப்பிக் கொடுத்தார். நானும் எந்தப் பள்ளியிலும் கேட்கவில்லை.